மதிலுக்கு அங்கால் இருந்து வந்த வளையம்

றப்பர் வளையம் ஒன்று மதிலைத் தாண்டி வந்து, கிணற்றடியில் குந்தியிருந்த என் காலடியில் விழுந்தது.

கொழும்பு வெள்ளவத்தைக்குக் கலியாணம் முடித்து வந்த இரண்டாம் வருடம் அது. பெற்ற பிள்ளை மூன்றாம் நாளே போய்விட்டது. பிறகு நான் தலை வாரி இழுக்கவில்லை, வாய்க்கு ருசியாக ஒன்றும் தின்னவில்லை. டொக்டர் நடக்கச் சொன்னார். கடற்கரைத் தண்டவாளத்தோரம் இவர் குடையோடு முன்னால், நான் பின்னால். செத்தவீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கும். ஒரு கிழமையில் அதையும் விட்டேன். கடைசியில் இவர் என்னைப் பெற்ற ஐயாவுக்கு எழுதிப்போட்டார். மாத முடிவில் வந்து யாழ்ப்பாணம் கூட்டிப்போவதாகப் பதில் வந்தது. அங்கே ஓர் அறை, ஒரு பாய், பார்த்துப் பெருமூச்சு விட வரும் சனம். போனால் எழும்பமாட்டேன் என்று எனக்குத் தெரியும், கேளுங்கோ பிள்ளையள். சொல்லத்தான் தெம்பில்லை.

வளையம் விழுந்த கையோடு மதிலுக்கு அங்கால் ஒரு பெண்குரல்: "அங்கால யாராச்சும் ஈக்கிறீங்களா? அத எறிங்களே."

எறிந்தேன். மதிலில் பட்டு என்னிடமே திரும்பியது.

"பழஞ்சோறா தின்டீங்க? மதில்ட இடுப்புக்கும் வரல்லயே."

எனக்கு ரோசம் வந்துவிட்டது.

அவள் றஸ்மியா. புருஷன் மஷூர் துறைமுகத்தில் வேலை; கப்பலில் விளையாடுகிற வளையத்தைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஆண்கள் வேலைக்குப் போனபின் தினமும் எறிந்தோம், முகம் பாராமல், விழாமல் எத்தனை என்று எண்ணியபடி. ஆம்பிளைக் குரல் கேட்டால் அவள் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவாள். முதல்நாளே வியர்த்தது. பசித்தது. அன்று சிரித்துவிட்டதற்காக இரவு அழுதேன். மறுநாளும் போனேன்.

ஐயா காலை ரயில் கோச்சியில் வந்திறங்கினபோது நாங்கள் முப்பத்தொன்றில் நின்றோம். இவரும் அவருமாகக் கிணற்றடிக்கு வந்தார்கள். வளையம் என் கையில். சேலைத் தலைப்பு இடுப்பில்.

"சிவமணி, உடுப்பை அடுக்கு பிள்ளை. இரவு மெயிலுக்குப் போகவேணும்."

"நான் வரேல்லை, ஐயா."

இவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. காலை ஊன்றி வளையத்தை வீசினேன். அது மதிலுக்கு மேலாய்ப் போய் மறைந்தது.

அங்கால் சத்தமில்லை. ஆம்பிளைக் குரல் இரண்டு கேட்டிருக்குமே. பப்பாசி மரத்துக் காகம்கூடப் பறந்துவிட்டது. நான் இரண்டு கையையும் ஏந்தியபடி நின்றேன்.

மதிலுக்கு மேலே, வெயிலில் கறுப்பாய், சுழன்றுகொண்டு வளையம் எழும்பியது.