ஊமைப்படத்தின் வாயில் ஒரு வாக்கியம்

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் திருடியது. என் மருமகள் தன் ஸ்டுடியோவில் நடந்ததை மூன்றே வரியில் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். ஓய்வுபெற்று வீட்டோடு கிடக்கிறவன் எதிரில் மூன்று வரியை இப்படிக் கேட்பாரற்று விட்டுவிட்டுப் போகலாமா? அவள் திரும்பி வருவதற்குள் அவை முப்பதாகிவிட்டன. (மிகை இல்லை. இருபத்தெட்டாவது இருக்கும்.)

இதை எழுதப் போகிறேன் என்றேன்.

"தாராளமா எழுதுங்க மாமா. ஆனா நடந்தத மட்டும் எழுதுங்க."

இத்தனை காலம் ஒரே வீட்டில் இருந்தும் என்னைப் புரிந்துகொள்ளவில்லை, பாவம்.

2

முதல் வரிதான் வர மறுக்கிறது.

அன்று காலை வானம் கருத்துக் கிடந்த—

வேண்டாம். கதை நடக்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது. வானம் கருத்தால் என்ன, கிழிந்தால் என்ன.

சம்பள உயர்வு கேட்பது என்பது மனிதகுலம் தோன்றிய நாள் முதலாக—

இது கட்டுரை. இதை எழுதிவிட்டு நானே நாற்காலியில் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். மருமகள் டப்பிங் பேசுகிறவள். வேற்றுமொழித் தொடர்களில் வருகிறவர்கள் திரையில் வாயசைக்க, இவள் மைக் முன்னால் நின்று அவர்களைத் தமிழ் பேச வைப்பாள். இப்போது ஓடும் தொடரில் இவளுக்கு மூன்று பாத்திரம்: கொடுமைக்கார மாமியார், அந்த மாமியாரின் பேத்தி, பேத்தி சவாரி செய்யும் குதிரை. குதிரைக்கு முதலில் ஏதோ பழைய பதிவைத்தான் போட்டார்களாம். அது கனைப்பதற்குப் பதில் இருமியது. இவள் சும்மா இருக்காமல் விளையாட்டாகக் கனைத்துக் காட்டினாள். அன்றோடு குதிரையும் இவள் தலையில் விடிந்தது.

(மாமியார் குரலை வீட்டில்தான் பழகினாள். அது தன்னைப் பார்த்துச் செய்ததல்ல என்று என் மனைவி நம்புகிறாள். நம்பட்டும். எனக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும்.)

மூன்று குரல். சம்பளம் ஒன்றுக்குத்தான்.

3

முதலாளியை என்ன செய்வது என்று புரியவில்லை. முதல் பிரதியில் அவருக்குத் தாராளமாக ஒரு தொந்தியும் ஒரு தங்கப் பல்லும் கொடுத்திருந்தேன். மருமகள் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"அவரு ஒல்லி மாமா. பல்லெல்லாம் சாதாரணப் பல்லு. நல்ல மனுஷன்தான், பணப் பேச்சுன்னா மட்டும் வாய் வராது."

நல்ல மனிதரை வைத்துக்கொண்டு ஒரு கதைக்காரன் என்னதான் செய்வான்? தொந்தியைக் கரைத்தேன். பல்லையும் பிடுங்கினேன்.

வாய் வராது என்பது சரியான வர்ணனை இல்லை. வாய் வரும், குரல்தான் வராது. எந்த முடிவைச் சொல்வதற்கு முன்னாலும் அவருக்கு உதடு மட்டும் அசையும். குரல் சாவகாசமாகப் பின்னால் வரும், சில நாள் வராமலே இருந்துவிடும். ஸ்டுடியோவில் அவருக்கு 'ஊமைப்படம்' என்று பெயர். (வைத்தது நானில்லை. நானாக இருந்தால் மார்தட்டிக்கொண்டிருப்பேன்.)

இதற்கிடையில் வீட்டு வாடகை ஏறியது. என் ஓய்வூதியம் ஏறவில்லை. ஒரு தொலைபேசிக் கம்பெனி மருமகளைக் கூப்பிட்டது: அழைக்கிறவர்களுக்கு, எழுதிக் கொடுத்ததை, ஒரே குரலில், நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். சம்பளம் அதிகம். மறுநாளுக்குள் பதில் வேண்டும் என்றார்கள்.

"இங்க கூட்டித் தரலன்னா அங்கயே போயிடறேன்," என்று என் மகனிடம் சொன்னாள். அந்தக் குரலில் மாமியாரும் இல்லை, பேத்தியும் இல்லை, குதிரையும் இல்லை. (இந்த இடத்தில் ஒரு நகைச்சுவை போட்டிருந்தேன். அடித்துவிட்டேன்.)

4

மறுநாள் பதிவு அறைக்குள்ளேயே முதலாளியைப் பிடித்தாள். மைக் திறந்திருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஏதோ பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார்.

"சார், மூணு பேருக்குப் பேசறேன். ஒரு ஆளுக்குத்தான் குடுக்கறீங்க."

"தொண்டை ஒண்ணுதானேம்மா."

(சத்தியமாக அவர் சொன்னதுதான். இப்படி ஒரு வரி எனக்கு வந்திருந்தால் தெருவில் இறங்கி வீடு வீடாகச் சொல்லியிருப்பேன்.)

"அப்ப ஒண்ணு மட்டும் பேசறேன். மாமியாரா, பேத்தியா, குதிரையா, நீங்களே சொல்லுங்க."

"குதிரைய விட முடியாதும்மா. ஜனங்களுக்கு அதத்தான் பிடிச்சிருக்கு."

"அப்ப குதிரைக்காவது தனியாக் குடுங்க சார்."

முதலாளி யோசித்தார். உதடு பிரிந்தது.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். டப்பிங்கில் திரையில் உதடு பிரிந்த அதே கணத்தில் குரல் உள்ளே நுழைந்தாக வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் மறுபடி முதலிலிருந்து. வருடக்கணக்கில் அப்படியே பழகிப்போன உடம்பு. எதிரே ஓர் உதடு சத்தமில்லாமல் பிரிகிறது. இவள் என்ன செய்வாள்? நுழைந்துவிட்டாள்.

"சரிம்மா, மூணுக்கும் தனித்தனியாவே குடுத்துடறேன்."

அவருடைய குரலில். அதே கரகரப்பு, அதே இழுப்பு, பணப் பேச்சின் கடைசியில் அவர் விடும் அந்தச் சின்னப் பெருமூச்சு உட்பட.

கண்ணாடிக்கு வெளியே ஒலிப்பதிவாளர் நிமிர்ந்தார். கண்ணில் உதடு, காதில் குரல். இரண்டும் ஒட்டுகிறதா என்று பார்ப்பது மட்டுமே அவருடைய பிழைப்பு. கட்டைவிரலை உயர்த்தினார்.

"உதட்டுல கச்சிதமா உக்காந்திருச்சு சார். இன்னொரு டேக் வேண்டாம்."

5

இனி முடிவு. கைவசம் பல இருக்கின்றன.

முதலாவது: முதலாளி விழுந்து விழுந்து சிரித்து, போன மாதங்களுக்கும் சேர்த்து—

"அவரு சிரிச்சு யாரும் பார்த்ததில்ல மாமா."

இரண்டாவது: "என் வாயில நீ பேசறியா" என்று அவர் கர்ஜிக்க, குதிரை மிரண்டு கட்டறுத்துக்கொண்டு—

"அங்க ஏது குதிரை? குதிரையே நான்தான்."

மூன்றாவது, சமையலறையிலிருந்து என் மனைவி அருளியது: "அவளே முதலாளி ஆயிட்டான்னு எழுதுங்க. முதல் வேலையா உங்களச் சேர்த்துக்கட்டும். பகல்லயாவது வீடு அமைதியா இருக்கும்." நல்ல முடிவு, யாருக்கு என்பதுதான் கேள்வி.

உண்மையில் நடந்தது இது. முதலாளி மைக்கை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒலிப்பதிவாளரிடம், "இன்னொரு டேக் போலாம். இந்தத் தடவ நானே பேசறேன்," என்றார். மருமகளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே மைக் முன்னால் போய் நின்றார். பேசவும் பேசினார்.

"என்னம்மா பேசினாரு?"

"அதச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா பத்து மடங்காக்கி எழுதுவீங்க. அப்புறம் தெருவே கடன் கேட்டு வந்து நிக்கும்."

சம்பளம் கூடியது இதிலேயே தெரிந்துவிட்டதே என்கிறீர்களா? நானும் முதலில் அப்படித்தான் துள்ளினேன். ஆனால் இல்லாததை இருப்பதுபோல் பேசித்தான் அவள் சம்பாதிக்கிறாள்.

6

நான் என் காதால் கேட்டது ஒன்றுதான். அன்று மாலை தொலைபேசிக் கம்பெனியிலிருந்து அழைத்தார்கள். "மன்னிக்கணுங்க, எனக்கு இங்கயே வேலை இருக்கு," என்று மரியாதையாகச் சொல்லி வைத்தாள். வைத்த கையோடு ஒரு கனைப்புக் கனைத்தாள் பாருங்கள், மேல்வீட்டுக்காரர்கள் படியிறங்கி ஓடிவந்துவிட்டார்கள். (ஒருவர்தான் வந்தார். நடந்துதான் வந்தார்.)

அது தனிச் சம்பளம் வாங்கிய குதிரையின் கனைப்பா, பாதிக்குப் பேரம் படிந்ததன் கனைப்பா, கிடைக்காவிட்டாலும் இந்த மைக்கை விட மாட்டேன் என்ற வீம்பா? வளைத்து வளைத்துக் கேட்டுவிட்டேன். சாப்பாட்டு மேசையில் அவள் இப்போதெல்லாம் ஒரு வரிக்கு மேல் விட்டுவிட்டுப் போவதில்லை.

ஆகவே அந்த வசனத்தை உங்களிடம் விடுகிறேன். முதலாளி மைக் முன்னால் நிற்கிறார். மருமகள் ஓரத்தில், வாயை இறுக மூடிக்கொண்டு. அவர் உதடு பிரிகிறது. பேசுங்கள். கஞ்சத்தனம் மட்டும் வேண்டாம். பணம் உங்களுடையதா என்ன?