மேத்தண்ணி

சித்திரை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வெள்ளைக்கல்பாளையத்தைச் சுற்றிக் கடல் வந்து நின்றது. அன்று நாமக்கல்லில் முட்டை விலை நாலு ரூபாய் எண்பது காசு. சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் ஏதோ வாய்க்கால் உடைந்துவிட்டது என்று நினைத்தார்கள். பிறகுதான் அந்தப் பக்கம் வாய்க்காலே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது. பொழுது சாய்வதற்குள் திருச்செங்கோட்டு ரோடு தண்ணீருக்குள் போனது, ஒரு கோழிப்பண்ணை போனது, டவுன் பஸ் புளியமரத்தடியில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. ஒருவரும் சாகவில்லை. கடல் மரியாதையாகத்தான் வந்தது என்று சொல்லவேண்டும். ஊர் இருந்த மேட்டை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் நிரம்பி, மறுநாள் காலையிலிருந்து அலை அடிக்க ஆரம்பித்தது. உலகம் சூடாகிவிட்டது, கடல் ஏறுகிறது, போக இடம் தேடுகிறது என்று டிவியில் சொன்னார்கள். தேடிய கடலுக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா, மேட்டுக்காட்டில் மழைக்கு வானம் பார்த்துக் கிடந்த சனத்தின் தலையில்தான் வந்து விடியவேண்டுமா என்பதை மட்டும் அவர்கள் சொல்லவில்லை. இந்த மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது, ஆகவே கடல் சேதத்துக்கு மனு வாங்க வழியில்லை என்று அலுவலகத்தில் கையை விரித்தார்கள். மேட்டூர்ப் பக்கமிருந்து பரிசல்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரே மாதத்தில் கரையில் டீக்கடையும் பொரித்த மீனும் வழக்கமாகிவிட்டன.

தண்ணீர்தான் பிரச்சினை. ஊரில் இருந்த போர்வெல் அத்தனையும் உப்பாகிவிட்டது. இதில் யாரையும்விட அவமானப்பட்டவர் தங்கமுத்து. ரிக் வண்டி வைத்திருந்தவர். ராஜஸ்தான், சத்தீஸ்கர் என்று ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைத்து, எவனெவன் வீட்டுக்கோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர். தண்ணீர் வராவிட்டால் இன்னும் நூறடி போ என்பதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை, அது அவரைப் பெரும்பாலும் கைவிட்டதில்லை. இப்போது அவர் வீட்டிலேயே வாய் கொப்பளிக்கத் தண்ணீர் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு கல்கட்டுக் கிணறு இருந்தது. அந்த வீட்டில் பிறக்கிற எந்தக் குழந்தைக்கும் முதல் தலைக்குளியல் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான். தங்கமுத்துவுக்கும் அப்படித்தான், அவருடைய ஒரே மகள் தனப்பிரியாவுக்கும் அப்படித்தான். அவள் வளர்வதற்குள் ஊரெல்லாம் போர் போட்டு, அதில் பாதி தங்கமுத்து போட்டது, கிணறு வற்றி உடைந்த நாற்காலியும் கட்டாந்தரையுமாகக் கிடந்தது.

கடல் வந்த வருஷம் ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. கிணற்றில் தண்ணீர் நின்றது. தங்கமுத்துவின் மனைவி சௌந்திரம் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். இளநீர் மாதிரி இருந்தது. வாளியை ஆழமாக விட்டு இழுத்தால் மட்டும் உப்புக் கரித்தது, அப்புறம் அன்று முழுக்க மேலேயும் கரித்தது. ஆகவே படியில் இறங்கி, பாலில் ஏடு எடுப்பதுபோல், சொம்பைச் சாய்த்து மேலாகவே மொள்ளப் பழகிக்கொண்டார்கள். அதற்கு மேத்தண்ணி என்று பெயர் வந்தது. ஊரே அதை வைத்துத்தான் சோறு பொங்கியது. குளிப்பதற்கும் துவைப்பதற்கும் கடல் இருந்தது, துணி காய்ந்தால் அப்பளம்போல் விறைத்துக்கொண்டு நின்றது, அதையும் உடுத்திக்கொண்டார்கள். தை மாதம், வெளியூரில் கட்டிக்கொடுத்திருந்த தனப்பிரியா முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்தது. பேரனோ பேத்தியோ, என் கிணற்றுத் தண்ணீரில்தான் குளிக்கும் என்று தங்கமுத்து கரையிலிருந்த டீக்கடை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வருஷம் மழை பெய்யவில்லை. ஐப்பசி போனது, கார்த்திகை போனது, வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. கடலோ இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தது. மேத்தண்ணி மெலிந்து மெலிந்து சொம்பு முழுகாத அளவுக்கு வந்தது. இதற்குள் வேறு ஒரு துயரமும் நடந்திருந்தது: தனப்பிரியாவுக்கு முதல் கரு தங்கவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை, மறுபடியும் உண்டானபோதும் சத்தமில்லாமல்தான் சொன்னாள். இந்தக் குழந்தைக்காவது கிணற்றில் தண்ணீர் இருக்கவேண்டும் என்று தங்கமுத்துவுக்குத் தூக்கம் கெட்டது. அந்த மாசியில்தான் நிலத்தடி நீர் பார்க்கிற சத்யபிரியா என்ற அதிகாரி பரிசலில் வந்து இறங்கினாள். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, சின்னத் தீவுகளில் மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி உப்புத்தண்ணீரின் தலைமேல் மெல்லிசாக மிதக்கும், உங்களுக்கு இருப்பது அவ்வளவுதான், தகரத்தில் விழுகிற மழையைத் தொட்டியில் பிடியுங்கள், தயவுசெய்து யாரும் துளை போடாதீர்கள் என்று பொறுமையாகச் சொன்னாள்.

தங்கமுத்து சிரித்தார். "அம்மிணி, நாம போர் போடாத பாறையில்லீங்க. இன்னொரு முந்நூறடி போனா எல்லா ஊர்லயும் தண்ணி இருக்குதுங்க."

"இது பாறை இல்லீங்க ஐயா. கீழ போகப் போகக் கடல்தான்."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீரோட்டம் இருக்கிற பாயிண்ட் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடந்தார். எந்த இடத்தில் நின்றாலும் தேங்காய் எழுந்து நின்றது. வாசலில் நின்றது, களத்தில் நின்றது, மாட்டுக்கொட்டாயில் நின்றது. ஊரே ஒரு கடல்மேல் உட்கார்ந்திருந்தால் தேங்காய் வேறென்ன செய்யும்? அவர் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார், கூட நின்றவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சௌந்திரம் மட்டும், "ஏனுங்க, வேண்டாங்க. இருக்கறதும் போயிருமாட்ட இருக்குது" என்றாள். அவள் சொன்னதை அவர் எப்போது கேட்டார், அன்றைக்குக் கேட்க.

கொட்டகையில் நின்ற ரிக் வண்டி முதல் சாவியிலேயே கிளம்பியது. எலுமிச்சை வைத்து, கற்பூரம் காட்டி, கிணற்றுக்குப் பக்கத்திலேயே துளை இறக்கினார்கள். தண்ணீர் வந்தது. பொய் சொல்லக்கூடாது, தென்னை உயரத்துக்கு வந்தது, அத்தனையும் தித்திப்பு. ஊரே நனைந்தது. குடம், அண்டா, சாக்கடைப் பக்கெட் வரைக்கும் பிடித்தார்கள். தங்கமுத்து நடுவில் நின்று அழுதார். மதியச் சோற்று நேரத்துக்குத் தண்ணீர் கரிக்க ஆரம்பித்தது. அப்புறம் வெள்ளை நுரை வந்தது, அதன் பின்னால் மத்தி மீன் வந்தது. கிணற்றில் போய்ப் பார்த்தார்கள். மேத்தண்ணி என்று ஒன்று இல்லை, படி ஓரத்தில் அலை அடித்துக்கொண்டிருந்தது.

யாரும் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒவ்வொரு குடும்பமாகப் பரிசல் ஏறிப் போய்விட்டது, பத்திரம் என்று சொல்லிவிட்டுக்கூடப் போனார்கள். வைகாசியில் திருச்செங்கோட்டு ஆஸ்பத்திரியில் தனப்பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து, கேன் தண்ணீரில் குளித்தது. சௌந்திரம் மகளோடு இருக்க அக்கரையில் வாடகைக்கு வீடு எடுத்தாள். தங்கமுத்து வரவில்லை. கந்தன் என்ற பரிசல்காரரிடம் தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீரும் சோறும் கொடுத்துவிட்டாள். கொஞ்ச நாளில் கந்தன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார். "அக்கா, அண்ணன் அதைக் குடிக்கறதில்லீங்க. கெணத்துல ஊத்தறாருங்க."

சௌந்திரம் அன்றே போனாள். அவர் கடைசிப் படியில் உட்கார்ந்து, கிணற்றுக்கு வலிக்கக்கூடாது என்பதுபோலக் குடத்தைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இப்புடி ஊத்தி ஊத்திக் கடலை இனிக்க வெச்சிருவீங்களாக்கும்?"

"நாந்தான சௌந்திரம் ஓட்டை போட்டேன்" என்றார். "நாந்தான அடைக்கோணும்."

அவள் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு திரும்பி வந்தாள். மறுநாளிலிருந்து இரண்டு குடம் கொடுத்துவிட்டாள், ஒன்று அவருக்கு, ஒன்று கிணற்றுக்கு. அவர் இரண்டையும் கிணற்றில்தான் ஊற்றினார். தாகத்துக்குக் கடலைக் குடித்தார். செத்துப்போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள், அவர் சாகவில்லை. புருவத்தில் உப்பு பூத்தது, விரலிடுக்கில் உப்பு கட்டியது. விட்டுவிட்டுப் போன ஆடுகள் சாயங்காலமானால் வந்து அவர் கையை நக்கிவிட்டுப் போயின. உப்பையே குடித்த நாக்குக்கு உப்புத் தெரியாமல் போய்விட்டது, அதனால் கிணறு தெளிந்து வருகிறது என்று அவர் மனதார நம்பினார்.

குழந்தை தத்தித் தத்தி நடக்க ஆரம்பித்தபோது, மேத்தண்ணி வந்துவிட்டது, பேத்தியைக் கூட்டி வா என்று கந்தனிடம் சொல்லி அனுப்பினார். போனார்கள். தங்கமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். படியிறங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சொம்பைச் சாய்த்து மேலாக மொண்டு வந்து மகளிடம் நீட்டினார். தனப்பிரியா ஒரு வாய் குடித்தாள். கடல்தான். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விழுங்கினாள்.

"நல்லா இருக்குதுங்கப்பா" என்றாள்.

அண்டா நிறைய மொண்டு வைத்திருந்தார். தனப்பிரியா குழந்தையைக் காலில் போட்டுத் தலைக்கு ஊற்றினாள். கண்ணில் பட்டதும் குழந்தை வீறிட்டது. அவள் நிறுத்தவில்லை, அண்டா தீரும்வரை ஊற்றினாள். "பச்சைத்தண்ணி பாரு, குளுருது. அழுவாத சாமி, அப்புச்சி ஊட்டுத் தண்ணி" என்று தங்கமுத்து கைதட்டிச் சிரித்தார். சௌந்திரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பரிசலில் குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தது. சௌந்திரம் பாட்டில் தண்ணீரில் முந்தானையை நனைத்து இரண்டு கண்ணையும் துடைத்துவிட்டாள். கந்தன் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து அவள் மூன்று குடம் அனுப்புகிறாள். கந்தன் ஏன் என்று கேட்பதில்லை, இறக்கி வைத்துவிட்டு வருகிறார். இந்த வருஷமும் மழை இல்லை. கடல் மறுபடியும் ஒரு சாண் ஏறியிருக்கிறது, டீக்கடையைப் பின்னால் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். முட்டை விலையில் மாற்றமில்லை.