பேக்கரிக்காரர் மேல் சந்தேகம்

எங்கள் ஆய்வகத்தில் பாலைச் சோதிப்போம். தண்ணீர், மாவு, யூரியா, எது கலந்திருந்தாலும் பிடித்துவிடுவோம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கூட்ட அறையில் உட்கார்ந்து, ஒரே படத்தைத் துண்டு துண்டாக வாரம் முழுக்கப் பார்ப்போம். வாரம் ஒருவருடைய தேர்வு. படம் சகிக்கவில்லை என்றால் பாதியில் கை தூக்கி நிறுத்திவிடுவார்கள். கணக்குப் பிரிவு அண்ணனின் காதல் படம் அப்படித்தான் நின்றது. அன்றிலிருந்து அவர் பெயர் தூக்கமாத்திரை.

என் முறை வந்தது. நான் புதிது, பேச்சும் குறைவு. அவர்கள் பார்ப்பதெல்லாம் கொலைப் படம். எனக்குப் பிடித்தது ஒரு கழுதைக்குட்டி படம். பரீட்சைக்குப் பயந்த நாட்களில் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். என்னைப் பார்த்துச் சிரித்தால் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கழுதையைப் பார்த்துச் சிரித்தால் தாங்காது. ஆனாலும் வேறு படத்தின் பெயர் வாயில் வரவில்லை.

"குழந்தைங்க படமா?" என்றார் மேடம். எங்கள் தலைமை ஆய்வாளர்.

"பெரியவங்களும் பாக்கலாம் மேடம்."

"பாப்போம், பாப்போம்."

படத்தில், குளிரான ஓர் ஊரில் வழிதவறிய கழுதைக்குட்டி ஒரு தெருவுக்கு வந்து சேர்கிறது. தபால்காரர் குடும்பம் அதற்கு இடம் கொடுக்கிறது. எதிர்வீட்டு பேக்கரிக்காரர் ரொட்டி கொடுக்கிறார்.

ரொட்டியைக் கண்டதும் சீனியர் அண்ணன் நிமிர்ந்தார். எந்தப் படத்திலும் கொலைகாரனை முதலில் கண்டுபிடிப்பவர் அவர்.

"இவன்தான்."

"எவன்?"

"பேக்கரிக்காரன். எவனாவது சும்மா ரொட்டி குடுப்பானா? சிரிப்பைப் பாருங்க. பால்ல தண்ணி ஊத்துறவன் சிரிப்பு."

"ஆமாம்பா," என்றார் மேடம். "கடையில அந்த அலமாரிய வேற பூட்டியே வச்சிருக்கான். உள்ள விஷம்தான் இருக்கும்."

அந்தப் படத்தில் கெட்டவனே கிடையாது. சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், "அப்புறம் எதுக்குப் பாக்கணும்?" என்று கை தூக்கிவிடுவார்களே! ஒரு வாய் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பால் டேங்கர் டிரைவரும் வந்து உட்கார்ந்தார். "எனக்கு அந்தத் தபால்காரன் மேலதான் சந்தேகம். ரொம்ப நல்லவனா இருக்கான்."

"பால்ல மாவு இருக்கான்னு பாக்குற மாதிரி, ரெண்டு பேர் மேலயும் அயோடின் விட்டுப் பாக்கணும்," என்றார் தூக்கமாத்திரை அண்ணன். "எவன் நீலமா மாறுறானோ அவன்."

வாரம் இப்படியே போனது. யாரும் கை தூக்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். எவ்வளவு காத்திருக்கிறார்களோ, அவ்வளவு திட்டு விழும். ஒரு நாள் மேடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "மதியம் மீட்டிங் வேணாங்க. இங்க ஒரு கேஸ் போயிட்டிருக்கு."

கடைசி நாள். பேக்கரிக்காரர் சாவியை எடுத்தார்.

"திறக்கிறான், திறக்கிறான்," என்றார் சீனியர் அண்ணன். யாரும் சாப்பாட்டை மெல்லவில்லை.

அலமாரிக்குள் இரண்டு நீளமான கம்பளி உறைகள். கழுதையின் காதுகளுக்காக அவரே பின்னியவை. மாட்டிவிட்டார். கழுதை தலையை ஆட்டியது. படம் முடிந்தது.

"அப்ப விஷம்?" என்றார் சீனியர் அண்ணன்.

"இல்லண்ணா."

"கடைசி வரைக்கும் ஒருத்தன்கூட கெட்டவன் இல்லையா?" என்றார் மேடம்.

"இல்ல மேடம்."

"முன்னாடியே சொல்றதுக்கென்ன? வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?"

"சொல்லியிருந்தா பாத்திருப்பீங்களா?"

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணையும் துடைத்தார்.

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் எவன் எதைக் கலந்தான்னே தேடறோம். பாவம்யா அந்த மனுஷன். உக்காந்து காதுக்கு உறை பின்னியிருக்கான். நாம விஷம்னு சொல்லிட்டோம்."

"அடுத்த வாரமும் இதையே போடுங்க மேடம்," என்றார் டிரைவர். "பதட்டத்துல கழுதையவே சரியா பாக்கல. இப்ப நிம்மதியா பாக்கலாம்."

அடுத்த வாரம் சீனியர் அண்ணனின் முறை. ஒரு கொலைப் படத்தைத் தயாராக வைத்திருந்தார். எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் டிபன் டப்பாவை மெதுவாக மூடினார்.

"சரி, போட்டுத் தொலைங்க. ஆனா ஒண்ணு, அந்தத் தபால்காரனை நான் இன்னும் நம்பல."