தொடுவதற்கு முன் வந்த அளவு

1

என் மனைவியைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ளத்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. பியோன் ஹே-ரிம்முக்குப் பிஎச் மீட்டர்களைச் சோதிக்கும் வேலை. தென் கொரியாவின் தேகு நகரச் சாயப்பட்டறைகளுக்கு அவள் போகும்போது நான் கார் ஓட்டுவேன், பெட்டியைத் தூக்குவேன், மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன்.

முதல் வரி இப்படி இருந்தது: ‘அடைமழையில் நனைந்த நகரம் ஒரு’—

ஹே-ரிம் எட்டிப் பார்த்தாள். “நகரம் நனையட்டும். மீட்டர் எப்ப நனையும்?”

2

[விளக்கம். அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம். பின்னால் புரியவில்லை என்று என்னைத் திட்டாதீர்கள்.]

தண்ணீர் அமிலமா காரமா என்பது மீட்டருக்குத் துளியூண்டு மின்னழுத்தமாகத்தான் போய்ச் சேருகிறது. ஹே-ரிம்மின் பெட்டி தண்ணீரே இல்லாமல் அந்த மின்னழுத்தத்தைக் கொடுத்து, ‘இது ஏழு’, ‘இது பத்து’ என்று மீட்டரிடம் பொய் சொல்லும். (ஏழு என்றால் நடுநிலை, அதற்கு மேல் போகப் போகக் காரம்.) மீட்டர் அதையே திருப்பிச் சொன்னால் நல்லது. ஆனால் பெட்டியில் இன்னொரு குமிழ் உண்டு. அதைத் திருப்பினால், தண்ணீரில் முக்கும் நிஜக் கண்ணாடி முனையில் இருப்பது போன்ற பெரிய மின்தடை குறுக்கே வரும். மீட்டரின் செருகுவாயில் ஈரம் இருந்தால் அப்போதுதான் குட்டு வெளிப்படும். பத்து என்பது ஏழின் பக்கமாகச் சரியும்.

“நானும் உன்னை மாதிரிப் பொய் சொல்றவன்தான்,” என்றேன் ஒருநாள்.

“என் பொய் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமா?”

3

பட்டறை முதலாளி டோ சாங்-கில், பள்ளியில் எனக்கு மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ‘அவர் கண்களில் ஒரு நரித்தனம்’ என்று எழுதி— அடித்துவிட்டேன். என் அப்பா இறந்தபோது மூன்று நாள் துக்கச் சடங்கிலும் கூடவே இருந்து, வந்தவர்களுக்கெல்லாம் சூப் பரிமாறிய மனிதர் அவர். நரி எங்கிருந்து வந்தது?

ஹே-ரிம் பத்து கொடுத்தாள். மீட்டர் பத்து காட்டியது.

“பாத்தியாடா, கச்சிதமா இருக்கு,” என்றார் அண்ணன். “வாங்க, நூடுல்ஸ் ஆறிடும்.”

அவள் குமிழைத் திருப்பினாள். எண் மெல்ல இறங்கி 8.4-இல் நின்றது. எட்டரைக்கு மேல் போனால் தண்ணீரை ஆற்றில் விடக் கூடாது. மழை தொடங்கியதிலிருந்து இந்த மீட்டர் காரத் தண்ணீரை நல்ல தண்ணீர் என்று சொல்லி அனுப்பியிருக்கிறது.

அண்ணன் ஓடிப்போய் முடி உலர்த்தும் கருவியை எடுத்து வந்தார். “ஏம்மா, ஈரந்தான். காய வச்சுடறேன்.”

“வைங்க, முதலாளி.” வீட்டில் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள்.

காய்ந்ததும் பத்துக்குப் பத்து வந்தது.

“பாஸ்தானே?”

“இப்ப பாஸ். தொடுறதுக்கு முன்னாடி எட்டு புள்ளி நாலு. ரெண்டையும் எழுதணும்.”

“அத எழுதினா பட்டறையை மூடிருவாங்கம்மா. நாப்பது பேரு இருக்காங்க. டேய், நீயாவது சொல்லேன்.”

நான் வாயைத் திறந்தேன்.

“அவரு பெட்டி தூக்க வந்தவரு,” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வந்த கர்வம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

4

கதைக்கு எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) அண்ணன் கண் கலங்கி அவளுக்கு நன்றி சொல்கிறார். இதைப் படித்து ஹே-ரிம் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

(ஆ) அண்ணன் முகத்துக்காக அவள் அந்த எட்டு புள்ளி நாலை— இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

“வேண்டாம்னு விட்ட வரியெல்லாம் அப்படியே கிடக்கே?” என்று கேட்டாள். அதுவும் தொடுவதற்கு முன் வந்த அளவுதான் என்றேன். சரி, கிடக்கட்டும் என்றாள்.

நடந்தது இவ்வளவுதான்: இரண்டு எண்களையும் எழுதி, கையெழுத்திட்டு, தாளை இரண்டு கையாலும் அண்ணன் முன் நீட்டினாள். முதலாளியும் ஒப்பமிட வேண்டும். அவர் பேனாவை வாங்கினார். வெளியே சாயத் தொட்டிகளின் பக்கம் ஆட்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு அவர் என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், அவரும் இதைப் படிப்பார். நீங்களே அவர் நாற்காலியில் உட்காருங்கள். ஒரு பக்கம் நாற்பது பேர், இன்னொரு பக்கம் ஆற்றில் இறங்குகிறவர்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், ஹே-ரிம் எதிரே நிற்பாள். கெஞ்சலாம், திட்டலாம், எழுந்து போய்விடலாம். அந்த எண்ணை மட்டும் அவள் மாற்ற மாட்டாள். அதை நான் அடித்துச் சொல்வேன்.