பெயர் சொல்லாத விருந்தினர்

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், எறும்புக்குக்கூட வழிவிட்டு நடப்பவள் என்றுதான் தோன்றும். ஆனால் இணையக் கலைக்களஞ்சியத்தில் அவளுக்குக் 'கத்தரி' என்று பெயர். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று திறந்து போட்ட கலைக்களஞ்சியம் அது. மாமனார் கடையும் மச்சான் வைத்த சலூனும் கூச்சமே இல்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். சம்பந்தமில்லாத ஆட்கள் பத்திரிகையிலோ புத்தகத்திலோ ஒன்றைப் பற்றி விரிவாக எழுதியிருந்தால் அது இருக்கலாம், இல்லாவிட்டால் வெட்டு. தகராறு என்று வந்தால் இரண்டு கட்சிகளும் வாதாடி ஓய்ந்த பிறகு, வாதத்தில் சேராத ஒருவர் படித்துப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார். பெரும்பாலும் அது கத்தரிதான். சம்பளம் கிடையாது, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அந்த வாரம் அவள் முன் வந்து நின்றது ஓர் ஐந்து நட்சத்திர ஓட்டல். 'இது வெறும் விளம்பரம்' என்றது ஒரு கட்சி. 'இல்லை, முக்கியமான இடம்' என்றது இன்னொன்று. மதிய இடைவேளையில், கையில் தயிர்சாத டப்பாவோடு, ஆதாரங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முக்கால்வாசி ஓட்டல்காரர்களே எழுதிக் கொடுத்தது. தேறியது ஒன்றே ஒன்று, ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த முழுப்பக்கக் கட்டுரை. அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எழுதியிருந்தார்:

'கட்டுரையாளர் அங்கே தங்கிய ஒரு சாதாரண விருந்தினரையும் கேட்டிருக்கிறார். இங்கே அமைதியைக்கூட இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறார்கள் என்கிறார் அந்த விருந்தினர். இதைவிட நடுநிலை என்ன வேண்டும்?'

அவளுக்குக் காது மடல் சுட்டது. அந்தச் சாதாரண விருந்தினர் அவள்தான்.

கட்டுரையைப் புனைபெயரில் எழுதியவர் அவளுடைய கணவர். ஓட்டல்காரர்கள் ஓசியில் அறை கொடுத்தார்கள். இருவரும் போய், மெத்தையில் புரண்டு, மூக்குமுட்டச் சாப்பிட்டு, குளியலறைச் சோப்பைக்கூட விடாமல் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். காலை உணவின்போது அவள் வேடிக்கையாகச் சொன்னதை அவர் அச்சில் ஏற்றிவிட்டார். அன்றைக்கு அதை வெட்டிப் பத்திரப்படுத்தியவளும் அவள்தான்.

சாயங்காலம் வீட்டில் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஓசில தங்கினோம்னு அந்தக் கட்டுரையில ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா?"

"எவன் போடுறான்? போட்டா அடுத்த தடவை வாசல்லயே நிறுத்திடுவாங்க."

"நான் சொன்னத வேற போட்டிருக்கீங்க."

"நீயும் விருந்தாளிதானே? பொய்யா எழுதினேன்?"

"பொய் இல்ல. அதான் சங்கடமா இருக்கு."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "பேசாம ஒதுங்கிடு. வெளிய தெரிஞ்சா ஆசிரியர் என் பக்கத்தையே பிடுங்கிடுவாரு. அது ஒண்ணுதான் எனக்குன்னு மிச்சம் இருக்கு."

அவள் ஒதுங்கினாள். 'தனிப்பட்ட காரணத்தால் இதில் தீர்ப்பு எழுதவில்லை' என்று ஒரே வரி போட்டாள். நாசூக்கான வரி என்று அப்போது நினைத்தாள்.

மறுநாள் வேறொருவர் தீர்ப்பு எழுதினார். அந்த ஒரு கட்டுரையின் பலத்தில் ஓட்டல் இருக்கலாமாம். அதோடு விட்டாரா? 'சிறு சந்தேகத்துக்கும் இடம் தராமல் விலகிய கத்தரியைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ள வேண்டும்' என்று ஒரு பாராட்டு வேறு. அதன் கீழே நன்றிகள் வரிசை கட்டி நின்றன. கடைசி நன்றி லாட்ஜ்காரர் மகனுடையது.

அவனை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே அவன் அப்பா நடத்திய லாட்ஜைப் பற்றி எழுதியிருந்தான். 'நான் அவருடைய மகன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்' என்றுதான் வாதத்தையே தொடங்கினான். 'சொந்த வீட்டுச் சாட்சி செல்லாது' என்று எழுதி அவள் அதை வெட்டிப்போட்டாள். இப்போது அவன் சொல்கிறான்: 'அன்றைக்கு வருத்தமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல்தான் என்று இன்றைக்குப் புரிந்தது.'

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. வைதிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பல் வலியோடு எதிரே நின்ற ஒருவரிடம் "உக்காருங்க" என்று சொல்லக்கூட மறந்துபோனாள்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து, அந்தத் தீர்ப்பின் கீழே நடந்ததை எழுதினாள். அனுப்பிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

"எழுதிட்டேங்க."

அவர் அடுப்பை அணைத்தார். "என் பேரப் போட்டியா?"

"என் கணவர்னு போட்டேன்."

"அது போதாதா, ஆசிரியர் கண்டுபிடிக்க?"

"நானும் தங்கினேன், நானும் சாப்பிட்டேன், அந்த விருந்தாளி நான்தான்னும் போட்டிருக்கேன்."

அவர் தலை குனிந்து அவள் பாதங்களைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். ஓட்டல் முத்திரை போட்ட வெள்ளைச் செருப்பு. வீட்டுக்குள் நடக்க மெத்தென்று இருக்கிறது என்று இத்தனை நாளும் அதைத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். கழற்றிவிட்டு வெறுந்தரையில் நின்றாள். ஆசிரியரிடம் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடலாம் என்று அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவள் திரும்பிவந்து திரையைப் பார்த்தபோது ஓட்டல் வாதத்தை மறுபடி திறந்திருந்தார்கள். முதல் ஆளாக லாட்ஜ்காரர் மகன் வந்திருந்தான். திட்டவில்லை, குத்திக்காட்டவில்லை, நன்றியும் சொல்லவில்லை.

'நீக்கலாம். சொந்த வீட்டுச் சாட்சி செல்லாது.'

அவள் எழுதிய வாக்கியம்தான். ஓர் எழுத்தைக்கூட அவன் மாற்றவில்லை.