மஞ்சள் துணி

வேப்பமரத்தில் சுற்றியிருந்த மஞ்சள் துணியின் முடிச்சை ஜெயப்பிரியா அவிழ்த்தபோது வெள்ளிக்கிழமை வெயில் இன்னும் சூடேறவில்லை. உத்திரமேரூரில் அறிவியல் டீச்சர் அவள். "எல சிறுத்துப் போயி கொட்டிக்கினே கீது, நீ படிச்சவதானே, வந்து பாரு" என்று அம்மா தாயாரம்மாள் மூன்று நாளாகப் போனில் பிடுங்கி எடுத்ததால், லீவு போட்டுவிட்டுக் காவாந்தண்டலத்துக்கு வந்திருந்தாள். கரையானாக இருக்கும் என்றுதான் நினைத்தாள்.

துணிக்கு அடியில் பட்டையே இல்லை. ஒரு சாண் அகலத்துக்கு மரத்தைச் சுற்றி வளையமாக உரிக்கப்பட்டிருந்தது. வளையத்துக்கு மேலே மரம் வீங்கியிருந்தது. வெறும் கட்டையில் சுரண்டிய கோடுகள். சில காய்ந்தவை, சில போன வாரத்தவை. கரையானுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது.

துணி கட்டுகிறவன் தம்பி மோகன்குமார். இந்த நிலத்தைப் பிளாட் போடுகிறவர்களுக்கு விற்க அவன் ஒற்றைக்காலில் நின்றான். "அம்மன் குடியிருக்கிற மரம்டா. மரம் தானா பட்டுப்போயி அவளா எறங்கிப் போவட்டும், அப்பால கையெழுத்து போடறேன்" என்று அம்மா முடித்துவிட்டாள். ஆடி பிறந்ததும் அவனுக்குத் திடீரென்று பக்தி வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் விடிந்ததும் தானே போய்ப் பழைய துணியை அவிழ்த்துப் புதுசு கட்டினான். அம்மா அதைத் தெருவெல்லாம் சொல்லிப் பூரித்துப்போனாள். ஜெயப்பிரியா மட்டும் என்ன, காஞ்சிபுரத்தில் ஒரு முழு பீஸ் மஞ்சள் துணி வாங்கிக் கொடுத்தவளே அவள்தான்.

வேம்பு லேசில் சாகாது. உரித்த இடத்தில் புதுத் தோல் விடும். விட்ட தோலைத்தான் வாராவாரம் அவன் சுரண்டியிருக்கிறான். இலை மட்டும் ஆறு மாதம் பச்சையாக நின்றிருக்கிறது, ஏனென்றால் தண்ணீர் ஏறுவது உள்கட்டையில். செத்த செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழாயாகி நிற்கும் சைலம் அது, அதற்குப் பட்டை வேண்டாம். இலை சமைக்கிற சாப்பாடு மட்டும் பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்கவேண்டும். பதினெட்டு வருடமாக இந்தப் படத்தைப் போர்டில் போடுகிறாள், இருந்தும் துணிக்குள் பார்க்கத் தோன்றவில்லையே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மோகன்குமார் பூஜைத்தட்டோடு வந்தான். மடித்த புதுத்துணி, குங்குமம், எலுமிச்சம்பழம், அதை நறுக்கக் கத்தி. அவளையும் மரத்தையும் பார்த்து நின்றுவிட்டான்.

"இன்னாடா இது?"

"அம்மா பின்னாலயே வருது. கட்டிடுக்கா."

"அம்மன் மரம்னு கையெடுத்துக் கும்புட்டுக்கினே எப்பிட்றா மனசு வந்துச்சி?"

அவன் தட்டைக் கீழே வைத்தான். "நீதானேக்கா சொல்லிக்குடுத்த. பத்தாவது பெயிலாயி உன் வூட்ல தங்கிப் படிச்சேனே, அப்போ. பட்டைய வளையமா எடுத்தா எல பச்சையாத்தான் இருக்கும், வேரு பட்டினி கெடந்து சாவும்னு. அது ஒண்ணுதான் எனக்கு இன்னும் மறக்கல."

கிண்டலாகச் சொல்லியிருந்தால் அறைந்திருப்பாள். அவன் நன்றியாகச் சொன்னான். அந்தக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து வாங்கினான் என்று அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தது ஞாபகம் வந்தது.

வரப்பில் அம்மா தெரிந்தாள். இடுப்பில் மஞ்சத்தண்ணிக் குடம். மோகன்குமார் அவசரமாகப் புதுத்துணியை உதறி, ஒரு முனையை ஜெயப்பிரியா கையில் திணித்தான். மறுமுனையோடு மரத்தைச் சுற்றிப் போனான். "புடிச்சிக்கக்கா, சீக்கிரம்."

அவள் ஒரு கையால் மரத்தைப் பிடித்தாள். முடிச்சு விழுகிற இடத்தில் கட்டைவிரலுக்கு ஏதோ மெத்தென்று பட்டது. விரல் அகலம்தான், மேல்பட்டையிலிருந்து கீழ்ப்பட்டைவரை அறுபடாமல், கத்திக்குத் தப்பிய இளம்பச்சைத் தோல்.

"ஜெயா, பூச்சியாடி?" அம்மா வரப்பிலிருந்தே கேட்டாள். "வேர் நெறைய ஊத்தினா பொழச்சிக்கும் இல்ல?"

துணி முனை ஜெயப்பிரியாவின் கையிலிருந்து நழுவி விழுந்தது. மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி அதை இழுத்தான், வெறும் துணிதான் போனது. அவள் கட்டைவிரலை அந்தப் பச்சையின் மேலிருந்து எடுக்கவில்லை. குடம் தளும்பத் தளும்ப அம்மா வந்துகொண்டிருந்தாள்.