பாய்ந்தவனும் நின்றவனும்

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் நடுவர் விசில் ஊதி, பெனால்டி புள்ளியைக் கை நீட்டிக் காட்டினார். கோல்கீப்பர் அடைக்கலராஜ் பயத்தோடு கோல் கோட்டுக்கு நடந்தான்.

1979-ல் திருச்சியில் நடந்த கம்பெனிகளுக்கான கால்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. அரியமங்கலத்து இரும்புப் பட்டறை அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. எதிரே மதுரை ஆலை அணி. அடைக்கலராஜைப் பட்டறையில் வேலைக்கு எடுத்ததே பந்தாடத்தான். மூன்று வருஷமாக டெம்பரரி. இந்தப் போட்டி முடிந்ததும் ஒருவரை பர்மனென்ட் ஆக்குவேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் அமலராணிக்கு ஏழாம் மாதம்.

கோல் விழுந்துவிடுமோ என்று அவன் பயப்படவில்லை. பெனால்டியில் கோல் விழுவது சகஜம். அதற்காக எந்த மேனேஜரும் எவனையும் வேலையை விட்டுத் தூக்கியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அவனை நடுங்க வைத்தது அதுதான்.

போன வருஷம் தோள்பட்டை இறங்கி, ஒரு சீசன் முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு கோல் வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். கூட உட்கார்ந்திருந்தவன் அணியின் இரண்டாவது கீப்பர் கியாசுதீன். மற்ற அணிகளின் ஆட்டங்களையெல்லாம் பார்த்தார்கள். பெனால்டி வந்தால் பந்து எங்கே போகும் என்று டீக்குப் பந்தயம். அடைக்கலராஜ் மண்டையைப் பிய்த்துக்கொண்டு இடது, வலது என்பான். கியாசுதீன் ஒவ்வொரு தடவையும் "நடுவுல" என்பான். சோம்பேறிப் பயல், யோசிக்கக்கூட மாட்டேன் என்கிறானே என்று அடைக்கலராஜ் சிரித்தான். சிரித்தவன்தான் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தான்.

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. ஓரத்துக்கு அடித்த பந்தைச் சரியான பக்கம் பாய்ந்தவனால்கூட அநேகமாகத் தொட முடியவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பந்து நடுவில்தான் வந்தது. கீப்பர் சற்று முன் நின்றுகொண்டிருந்த இடத்துக்கே வந்தது. அவன்தான் அங்கே இல்லை.

"சும்மா நின்னா அதெல்லாம் கையில வந்து விழும் மாப்ள," என்றான் கியாசுதீன். "ஒருத்தன்கூட நிக்க மாட்டேங்கிறானே, ஏன்?"

ஏன் என்பதை அவனே சீக்கிரம் தெரிந்துகொண்டான். அடைக்கலராஜுக்குப் பதிலாக அவன் கீப்பராக இறங்கினான். முதல் பெனால்டிக்கு அசையாமல் நின்றான்; பந்து நேராக நெஞ்சுக்கு வந்தது. அதிர்ஷ்டம் என்றார்கள். அடுத்த பெனால்டிக்கும் நின்றான். பந்து இடது மூலையில் போய் விழுந்தது. மைதானமே காறித் துப்பியது.

மேனேஜருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி பனியனைப் பார்ப்பார். சேறு அப்பியிருந்தால் உழைத்திருக்கிறான் என்று முதுகில் தட்டுவார். அன்று கியாசுதீனின் பனியன் துவைத்து மடித்தது போல இருந்தது.

"பந்து போவுது, நீ பாட்டுக்கு பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி நிக்கிற. எவன்கிட்டடா காசு வாங்குன?"

திங்கட்கிழமையிலிருந்து அவனுக்கு வேலை இல்லை. இரண்டில் ஒன்றைத் தடுத்த கீப்பர் அந்த சீசனில் வேறு எவனும் கிடையாது. அந்தக் கணக்கை யார் பார்த்தார்கள்! இப்போது தென்னூரில் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறான். இன்று கடையை விட்டுவிட்டு வந்து, அதே வலைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தான்.

மதுரைக்காரன் பந்தைப் புள்ளியில் வைத்தான். நில்லு, நில்லு என்று அடைக்கலராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பந்தலில் மேனேஜர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டிருந்தார். நின்று, பந்து ஓரத்தில் போய்விட்டால்? அமலராணியிடம் போய் என்ன சொல்வது? மூன்றில் ஒன்று நடுவில் வரும், அதனால் நின்றேன் என்றா?

மதுரைக்காரன் ஓடிவந்தான். அடைக்கலராஜின் கால்கள் யாரையும் கேட்கவில்லை. வலது பக்கம் உடம்பைத் தூக்கி எறிந்தான். பந்து நடுவில் உருண்டு, உள்ளே போனது.

"என்னா பாய்ச்சல்யா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். கைதட்டல்கூட விழுந்தது.

ஆனால் நடுவர் மறுபடியும் விசில் ஊதினார். பந்தை அடிக்கும் முன்பே மதுரை ஆள் ஒருவன் கோட்டுக்குள் ஓடிவந்துவிட்டானாம். கோல் செல்லாது, திரும்ப அடிக்க வேண்டும்.

கடவுள் ஒருவனுக்கு இதைவிட என்னதான் செய்வார்! அடைக்கலராஜுக்கோ பயம் இரண்டு மடங்கானது. இப்போதுதான் கைதட்டியிருக்கிறார்கள். மேனேஜர்கூட எழுந்து நின்று தட்டினார். அதே மனுஷர்கள் முன்னால் இப்போது சும்மா நிற்பதா? வலைக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நின்றுவிடுவோமோ என்று அதுவும் ஒரு பயம்.

அதே ஆள் ஓடிவந்தான். அடைக்கலராஜ் இடது பக்கம் பாய்ந்தான். மண்ணில் முகம் தேய விழுந்தான். பந்து மறுபடியும் நடுவிலேயே, பிடித்துக்கொள் என்பது போல மெதுவாக வந்து, உள்ளே போனது.

ஆட்டம் சமனில் முடிந்தது. கோப்பை இரண்டு அணிக்கும் ஆளுக்கு ஆறு மாதம் என்று பங்கு போட்டார்கள். மேனேஜர் மைதானத்துக்குள்ளேயே வந்து, அவன் தோளில் துண்டைப் போட்டார்.

"ரெண்டு தடவையும் உசுரக் குடுத்துப் பாஞ்சான்யா! இவன்தான்யா ஆளு. அடைக்கலம், திங்கட்கிழமை ஆபீஸுக்கு வா, பர்மனென்ட் ஆர்டரை வாங்கிக்க."

எல்லோரும் கை கொடுத்தார்கள். அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்தபடியே கை கொடுத்தான். கூட்டம் கலைந்ததும் கியாசுதீன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ரெண்டும் நடுவுலதான் வந்துச்சு," என்றான் அடைக்கலராஜ். "பயம் மாப்ள. உன்னை மாதிரி பயமில்லாம நிக்க எனக்கு வரல."

கியாசுதீன் அவன் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டான்.

"பயமில்லாமயா? அன்னிக்குப் பந்து மூலைக்குப் போறதுக்கு முன்னாடியே எனக்கு டிராயர் நனைஞ்சிருச்சுடா. மேனேஜர் அதைத்தான் பார்க்கல."